ரேடியோ வானத்தைப் படமாக்குதல்: மடிக்கணினியில் நேரத்தை மிச்சப்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரை திருநகரில் எங்கள் வீட்டு மாடி அறையில் சித்திரை மாதம் உட்காருவதே ஒரு தவம். அந்த அறையில்தான் முதன்முதலாக ஒரு ரேடியோ தொலைநோக்கித் தரவைப் படமாக்கத் துணிந்தேன். கட்டளையைக் கொடுத்துவிட்டு அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போனேன். கூட்டத்தில் நசுங்கித் திரும்பினேன். அழகர் மண்டகப்படிகளை எல்லாம் முடித்துக்கொண்டு மலைக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். என் கணினி முதல் படத்தைக்கூடத் தரவில்லை. அதற்கு மறுநாள் மின்தடை வந்து, அதுவரை ஓடிய அத்தனையையும் துடைத்துவிட்டுப் போனது.

கோபத்தில் கணினியை மூடிவிட்டுக் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். இந்த வேலையில் எந்தப் படி எத்தனை பெருக்கல் கேட்கிறது என்று எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது: நான் பயந்த இடம் வேறு, நேரம் கரைகிற இடம் வேறு. அலைகளாகப் பிரிந்து கிடப்பதைச் சேர்த்துப் படமாக்கும் ஃபூரியர் உருமாற்றம்தான் கணினியைத் தின்கிறது என்று நினைத்திருந்தேன். அது பாவம், சில விநாடிகளில் முடிகிற வேலை. தரவை மறுபடி மறுபடி முழுவதுமாகப் படிப்பதும், ஒவ்வொரு அளவீட்டையும் சம இடைவெளிக் கட்டத்தில் கொண்டுபோய் வைப்பதும்தான் நாட்களை விழுங்குகின்றன. இந்த வழிகாட்டியில் வரும் ஒவ்வொரு படியும் அந்த இரண்டைக் குறைப்பதற்காகத்தான்.

இயற்பியலில் முதுகலை படிப்பவர்களுக்கும், பைத்தானில் கொஞ்சம் பழக்கமுள்ளவர்களுக்கும் இதை எழுதுகிறேன். 16 ஜிபி நினைவகமும் லினக்ஸும் உள்ள மடிக்கணினி போதும். எஸ்எஸ்டி இருப்பது அவசியம். ஏன் என்பதற்கும் கணக்கு இருக்கிறது, பின்னால் வரும்.

அளப்பது வானத்தை அல்ல

புனேக்கு வடக்கே, நாராயண்காவ் அருகே கோடாட் என்ற ஊரில் ஜிஎம்ஆர்டி தொலைநோக்கி இருக்கிறது. 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள். அவற்றில் 14 நடுச் சதுக்கத்தில் ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் நெருக்கமாக நிற்கின்றன. மற்றவை ஒய் வடிவத்தில் மூன்று கைகளாக விரிந்திருக்கின்றன. மிகத் தொலைவிலுள்ள இரண்டு கிண்ணங்களுக்கு இடையே சுமார் 25 கிலோமீட்டர். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உருவானது இது. அதற்கு முன்பு, 1970இல், நம் ஊட்டிக்குப் பக்கத்தில் 530 மீட்டர் நீளமுள்ள தொலைநோக்கியை மலைச்சரிவில் நிறுவியதும் அவர் குழுதான். சரிவின் சாய்கோணம் அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக அமைந்ததால், தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. சரிவைத் தேடிக் கண்டுபிடித்த மூளையை நினைத்து இன்றும் வியக்கிறேன்.

இந்த 30 கிண்ணங்களில் எந்த ஒன்றும் தனியாகப் படம் எடுப்பதில்லை. இரண்டிரண்டாகச் சேர்த்து, அவற்றில் விழும் அலைகளைப் பெருக்கிச் சராசரி எடுக்கிறார்கள். அந்த விடைக்கு விசிபிலிட்டி என்று பெயர். ஒரு சிக்கலெண் (கலப்பெண்), வானத்தின் ஃபூரியர் உருமாற்றத்தில் ஒரே ஒரு புள்ளியின் மதிப்பு. எந்தப் புள்ளி என்பதை அந்த இரு கிண்ணங்களுக்கு இடையேயான தூரமும் திசையும் தீர்மானிக்கின்றன. 30 கிண்ணங்களில் 435 ஜோடிகள். பூமி சுழலச் சுழல ஒவ்வொரு ஜோடியும் வானத்திலிருந்து பார்த்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. அதனால் புள்ளி நகர்ந்து ஒரு வில்லாக நீள்கிறது. பூமியின் சுழற்சியையே கருவியின் ஒரு பாகமாக்கிய இந்த வித்தையை வளர்த்தெடுத்த மார்ட்டின் ரைலுக்கு 1974இல் நோபல் பரிசு கிடைத்தது. அவருக்கும் முன்பே, 1953இல், இங்கிலாந்தின் ஜோட்ரெல் பேங்க் ஆய்வகத்தில் ஜெனிசனும் நம் நாட்டு மிருணாள் குமார் தாஸ்குப்தாவும் சிக்னஸ் ஏ என்ற வான்பொருள் ஒற்றை ரேடியோ மூலமல்ல, இரட்டை என்று விசிபிலிட்டிகளை மட்டும் வைத்தே சொல்லிவிட்டார்கள். படமே வரையாமல்!

நம் வேலை தலைகீழ் வேலை. புள்ளிகள் சில தெரியும், பல தெரியாது. அவற்றிலிருந்து வானத்தை மீட்க வேண்டும்.

பென்சில் கணக்கு

மேம்படுத்தப்பட்ட ஜிஎம்ஆர்டியில் 300 முதல் 500 மெகாஹெர்ட்ஸ் வரை, 2048 அலைவரிசைத் துண்டுகளுடன், 8 விநாடிக்கு ஒரு முறை பதிவு செய்து, 8 மணி நேரம் ஒரு மூலத்தைப் பார்த்ததாக வைத்துக்கொள்வோம். 435 ஜோடி, 3600 நேரத்துளி, 2048 துண்டு. பெருக்கினால் சுமார் 320 கோடி விசிபிலிட்டிகள். இரண்டு துருவமுனைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 8 பைட் என்றால் 51 ஜிபி. இது வெறும் எண்கள் மட்டும். எடைகள், கெட்ட அளவீடுகளைக் குறிக்கும் கொடிகள், வானத்தின் மாதிரிக்கான இடம் எல்லாம் சேர்ந்தால் வட்டில் இதைப் போல இரண்டு மூன்று மடங்கு கேட்கும்.

படத்தின் அளவு? நடு அலைநீளம் 75 சென்டிமீட்டர். கிண்ணங்களின் மிகப் பெரிய தூரத்தால் அதை வகுத்தால் பிரிதிறன் கிடைக்கும். நடைமுறையில் சுமார் 8 கோண விநாடி (பாகையில் 3600இல் ஒரு பங்கு ஒரு கோண விநாடி). பிக்சல் அதில் நான்கில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோ இருக்க வேண்டும். 1.5 கோண விநாடி வைப்போம். ஒரு கிண்ணத்தின் பார்வைப் புலம் ஒரு பாகைக்குக் கொஞ்சம் அதிகம். புலத்துக்கு வெளியே நிற்கும் பிரகாசமான மூலங்களும் படத்தைக் கெடுக்கும் என்பதால் 2 பாகை அகலம் எடுக்கிறோம். 4800க்கு 4800 பிக்சல், அதாவது 2.3 கோடி. 4800 என்று நான் எடுத்தது சும்மா அல்ல. அது 2, 3, 5 என்ற சிறு பகா எண்களால் மட்டுமே ஆனது. விரைவு ஃபூரியர் உருமாற்றத்துக்கு அப்படிப்பட்ட அளவுதான் பிடிக்கும். 4801 கொடுத்துப் பாருங்கள், அதன் முகச்சுளிப்பு தெரியும்.

இப்போது நேரடியாகக் கணக்கிட்டால் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒவ்வொரு விசிபிலிட்டியின் பங்கையும் கூட்ட வேண்டும். 320 கோடியை 2.3 கோடியால் பெருக்கினால் சுமார் 740 கோடி கோடி படிகள். விநாடிக்கு 100 கோடி படி என்றாலும் இரண்டு ஆண்டும் நான்கு மாதமும் ஆகும். இந்தத் தலைமுறைக்குள் முடிந்துவிடும், பரவாயில்லை என்று சொல்லலாம். ஆனால் இது ஒரே ஒரு படத்துக்கு.

கோலத்தின் புள்ளிகள்

மார்கழியில் எங்கள் தெருவில் போடும் புள்ளிக் கோலத்தில் புள்ளிகள் முதலில் சம இடைவெளியில் விழுந்தாக வேண்டும். அதற்குப் பிறகுதான் கோடு. விரைவு ஃபூரியர் உருமாற்றமும் அப்படித்தான்: சம இடைவெளிப் புள்ளிகளில் மதிப்பு இருந்தால்தான் அது ஓடும். கூலியும் டுக்கியும் 1965இல் வெளியிட்ட இந்த முறையின் வேகம் முழுவதும் அந்த ஒழுங்கிலிருந்து வருகிறது. நம் விசிபிலிட்டிகளோ காற்றில் பறந்த கோலமாவு போல எங்கெங்கோ கிடக்கின்றன.

ஒவ்வொரு விசிபிலிட்டியையும் பக்கத்தில் இருக்கிற புள்ளிகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதே கிரிடிங். மிக அருகிலுள்ள ஒரே புள்ளியில் கொட்டிவிடலாம். ஆனால் அப்படிச் செய்தால் படத்தின் எல்லைக்கு வெளியே இருக்கும் மூலங்கள் மறுபக்கமாக உள்ளே நுழைந்து பொய் வேடம் போடும். அதனால் 7க்கு 7 அளவுள்ள ஒரு மென்மையான தூரிகையால் 49 புள்ளிகளில் தடவுகிறார்கள். தூரிகையின் வடிவத்துக்கு நீள்கோளச் சார்புகளைப் பயன்படுத்துவது வழக்கம். தடவியதால் படத்தில் ஏற்படும் ஓரமங்கலை, உருமாற்றத்துக்குப் பிறகு தூரிகையின் உருமாற்றத்தால் வகுத்துச் சரிசெய்துவிடலாம்.

செலவைப் பாருங்கள். 320 கோடிக்கு 49 என்றால் சுமார் 15,700 கோடி படிகள். அதே வேகத்தில் 157 விநாடி. ஃபூரியர் உருமாற்றமோ 2.3 கோடியை 24.5ஆல் பெருக்கினால் 56 கோடி. மாறிலிகள் எல்லாம் சேர்த்தாலும் மூன்று விநாடியைத் தாண்டாது. இரண்டு ஆண்டு நான்கு மாதம் மூன்று நிமிடத்துக்குள் வந்துவிட்டது. சிக்கலெண் பெருக்கல், நினைவகத் தாவல் என்று நடைமுறையில் இது சில மடங்கு கூடும். ஆனால் விகிதத்தை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: 157க்கு 3.

நம்பிக்கை வராதவர்கள் ஒரு மாலைப்பொழுதில் சோதித்துவிடலாம். பைத்தானின் நம்பை (NumPy) தொகுப்பை வைத்து 256க்கு 256 வானத்தில் மூன்று புள்ளி மூலங்களை வையுங்கள். 1000 தற்செயலான விசிபிலிட்டிகளைக் கணக்கிடுங்கள். நேரடி முறையிலும் கிரிடிங் முறையிலும் படமாக்கி நேரத்தை அளவிடுங்கள். இரண்டு படங்களும் ஒத்துப்போகும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். எனக்கு மூன்று நாள் ஒத்துப்போகவில்லை. வகுக்க மறந்திருந்தேன்.

தரவை வாங்கி, களையெடுத்து, சுருக்குதல்

ஜிஎம்ஆர்டியின் இணையக் காப்பகத்தில் பழைய கண்காணிப்புகள் பொதுவில் கிடைக்கின்றன. முதல் முயற்சிக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. அமெரிக்காவின் விஎல்ஏ தொலைநோக்கியின் பயிற்சித் தரவுகள் சிறியவை, நடத்தை தெரிந்தவை; 3சி391 என்ற சூப்பர்நோவா எச்சத்தின் தரவை வைத்து, ரேடியோ தரவைக் கையாளும் காசா மென்பொருளைப் பழகிவிட்டு வாருங்கள். காசாவைப் பைத்தான் தொகுப்பாகவே நிறுவிக்கொள்ளலாம். ஜிஎம்ஆர்டி தரவு அதற்கே உரிய வடிவத்தில் வரும்; லிஸ்ட்ஸ்கேன், ஜிவிஃபிட்ஸ் என்ற இரு கருவிகளால் வானியலில் வழக்கமான ஃபிட்ஸ் கோப்பாக்கி, பிறகு காசாவுக்குள் இறக்க வேண்டும். ருதா காலேயும் ஈஸ்வர சந்திராவும் எழுதிய கேப்சர் என்ற தொடர்நிரல் இந்தப் பாதை முழுவதையும் நடத்திச் செல்லும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டாமல், ஒவ்வொரு படியிலும் என்ன செய்கிறது என்று வாசியுங்கள்.

அடுத்தது களையெடுப்பு. செல்பேசி, மின்கம்பி, செயற்கைக்கோள் எல்லாம் தரவுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். இந்த அலைவரிசையில் 360 முதல் 380 மெகாஹெர்ட்ஸ் வரை செயற்கைக்கோள் இரைச்சல் பலமாக இருக்கும். அங்கே தயவு தாட்சணியம் வேண்டாம், வெட்டிவிடுங்கள். மற்றதற்கு ஆண்ட்ரே ஆஃப்ரிங்காவின் ஏஓஃபிளாகர் மென்பொருள் நன்றாக வேலை செய்கிறது. அளவீட்டுத் திருத்தத்துக்கு 3சி48, 3சி147, 3சி286 போன்ற தெரிந்த மூலங்களில் ஒன்று தரவிலேயே இருக்கும். இதைப் பற்றிப் பல வழிகாட்டிகள் இருக்கின்றன, நான் நீட்டவில்லை.

நான் நீட்ட விரும்புவது அடுத்த படியை. களையெடுத்த பிறகு, படமாக்குவதற்கு முன், பக்கத்துப் பக்கத்து அலைவரிசைத் துண்டுகளைச் சராசரியாக்கிச் சுருக்குங்கள். வரிசை மாறக் கூடாது. சுருக்கிவிட்டுக் களையெடுத்தால் ஒரு துண்டின் இரைச்சல் நான்கு துண்டையும் நஞ்சாக்கிவிடும். ஒரு அழுகிய மல்லிகையைச் சரத்துக்குள் வைத்துக் கட்டிவிட்டு, பிறகு எடுக்க முயல்வது மாதிரி.

எவ்வளவு சுருக்கலாம்? அளவுக்கு மீறினால் படத்தின் நடுவிலிருந்து தள்ளியிருக்கும் மூலங்கள் மையத்தை நோக்கிய திசையில் இழுபட்டு மங்கும். அரை பாகை தள்ளியிருக்கும் மூலம் 1800 கோண விநாடி தொலைவில், அதாவது பிரிதிறனைப் போல 225 மடங்கு தொலைவில் இருக்கிறது. ஒரு துண்டின் அகலம் 200 மெகாஹெர்ட்ஸை 2048ஆல் வகுத்தால் 0.098. நான்கைச் சேர்த்தால் 0.39. அதை 400ஆல் வகுத்து 225ஆல் பெருக்கினால் 0.22, மூலம் பிரிதிறனில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே மேல் இழுபடும். பொறுத்துக்கொள்ளலாம். எட்டைச் சேர்த்தால் 0.44, எனக்குச் சம்மதமில்லை. காலத்திலும் இதே போல ஒரு கணக்கு உண்டு: பூமி விநாடிக்கு 0.0000727 ரேடியன் சுழல்கிறது. 8 விநாடிக்கு அரை பாகையில் இழுபடுவது 0.13. இரட்டிப்பாக்கினால் 0.26. காலத்தை நான் அப்படியே விட்டுவிடுகிறேன்.

ஆக, 2048 துண்டுகள் 512 ஆயின. 51 ஜிபி 12.8 ஜிபி ஆயிற்று. 157 விநாடி 39 ஆயிற்று. ஒரே கட்டளை. என் சித்திரை மாதத்து முட்டாள்தனத்தில் பெரும்பங்கு இந்த ஒரு கட்டளையைக் கொடுக்காததுதான்.

குறுகிய தூர ஜோடிகளை மட்டும் இன்னும் அதிகமாகச் சுருக்கலாமே என்று ஒரு மாணவர் கேட்டார். "அண்ணே, நடுச் சதுக்கத்துக் கிண்ணங்களுக்கு இடையே ஒரு கிலோமீட்டர்தானே? அவற்றை 25 மடங்கு சுருக்கினாலும் ஒன்றும் மங்காதே" என்றார். சரியான கேள்வி. ஆனால் எண்ணிப் பாருங்கள் தம்பி, என்றேன். 14 கிண்ணங்களில் 91 ஜோடிகள். 435இல் 21 விழுக்காடு. அவற்றை அடியோடு இல்லாமல் ஆக்கினாலும் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம். ஆஸ்திரேலியாவில் எழும் எஸ்கேஏ தொலைநோக்கியின் தாழ் அலைவரிசைப் பகுதி போல 1,31,072 ஆன்டெனாக்களை நிலையங்களாகக் கட்டி, பெரும்பகுதியை மையத்தில் குவித்திருக்கும் இடத்தில்தான் அந்த முறைக்கு முழு மரியாதை.

வட்டு என்கிற மறைமுகக் கடன்காரர்

கிரிடிங்குக்கு 157 விநாடி என்றேன். 51 ஜிபியைச் சுழலும் வன்தட்டிலிருந்து விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் படிக்க 342 விநாடி. செயலி காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். படத்தைச் சுத்தம் செய்ய, பின்னால் வரப்போகிற கிளீன் சுற்றுகளில் இப்படி 14 முறை தரவு முழுவதையும் படிக்க வேண்டிவரும். படிப்புக்கு மட்டுமே ஒரு மணி இருபது நிமிடம். சுருக்கிய 12.8 ஜிபியை விநாடிக்கு 500 எம்பி தரும் எஸ்எஸ்டியிலிருந்து படித்தால் 14 முறைக்கும் சேர்த்து ஆறு நிமிடம். மடிக்கணினியில் கூடுதல் நினைவகம் போடுவதா எஸ்எஸ்டி போடுவதா என்று கையில் இருக்கும் பணத்தை எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இரண்டாவதை எடுங்கள்.

எடை

எல்லா விசிபிலிட்டிக்கும் ஒரே எடை கொடுத்தால் இரைச்சல் குறையும். ஆனால் அந்த 91 ஜோடிகள் நடுவில் குவிந்து கிடப்பதால் படத்தில் ஒவ்வொரு மூலத்தைச் சுற்றியும் ஒரு மங்கிய திண்ணை போல உயரும். கட்டத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சம எடை கொடுத்தால் கூர்மை வரும், இரைச்சலும் ஏறும். டேனியல் பிரிக்ஸ் 1995இல் தந்த ரோபஸ்ட் எடை இரண்டுக்கும் நடுவே ஒரு திருகு. மைனஸ் 2 முதல் பிளஸ் 2 வரை திருப்பலாம். ஜிஎம்ஆர்டிக்கு 0 அல்லது மைனஸ் 0.5 எனக்குக் கைகொடுக்கிறது. திருகைச் சரியாக வைத்தால் கிளீன் சுற்றுகள் குறையும். ஆகவே இதுவும் வேகத்தோடு சேர்ந்த விஷயம்தான்.

வளைந்த வானம்: எல்லாரும் தடுக்கி விழும் படி

இதுவரை வானம் தட்டை என்று பாவித்தோம். மண்பானையின் வளைவில் செய்தித்தாளை ஒட்டிப் பாருங்கள். சிறு துண்டு ஒழுங்காக ஒட்டும். முழுத் தாளை ஒட்டினால் சுருக்கம் விழும். சிறிய புலத்தில் தட்டைப் பாவனை செல்லும். 2 பாகை அகலத்தில் செல்லாது. கிண்ணங்களும் நாம் பார்க்கும் திசைக்குச் செங்குத்தான ஒரே தளத்தில் இல்லை. பார்வைத் திசையில் அவற்றுக்கு இடையே உள்ள இடைவெளியை w என்று குறிப்பார்கள். 25 கிலோமீட்டரை அலைநீளத்தால் வகுத்தால் 33,333. மோசமான நிலையில் w அவ்வளவு ஆகும். அப்போது ஒரு பாகை தள்ளியிருக்கும் மூலத்தின் அலைக்கட்டப் (phase) பிழை 32 ரேடியன், ஐந்து முழுச் சுற்று. அதைக் கவனிக்காவிட்டால் ஓரத்து மூலங்கள் பிறைபோல உடைந்து தெரியும்.

மூன்று வைத்தியங்கள் உண்டு. முதலாவது, தாளைக் கிழித்து ஒட்டுவது. படத்தை 5க்கு 5 என 25 முகப்புகளாக்கினால் ஒவ்வொன்றுக்குள்ளும் பிழை 25இல் ஒரு பங்காகி 1.3 ரேடியனுக்கு வரும். ஆனால் தரவை 25 முறை கிரிட் செய்ய வேண்டும். இரண்டாவது, டிம் கார்ன்வெல், குமார் கோலாப், சஞ்சய் பட்நாகர் மூவரும் கொண்டுவந்த w-புரொஜெக்‌ஷன். பிழையைத் தூரிகைக்குள்ளேயே வைத்துவிடுவது. ஒரே முறை கிரிட் செய்தால் போதும். ஆனால் மிக அதிக w உள்ள புள்ளிக்கு 7க்கு 7 இருந்த தூரிகை 40க்கு 40 ஆக வீங்கும். 49 படிகள் 1600 ஆகும். பெரும்பாலான புள்ளிகளுக்கு w குறைவு என்பதால் சராசரி இவ்வளவு மோசமில்லை. இருந்தாலும் வலிக்கும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. விசிபிலிட்டிகளை w மதிப்பின்படி அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கையும் பழைய 7க்கு 7 தூரிகையால் தனித்தனிக் கட்டத்தில் தடவி, தனித்தனியே ஃபூரியர் உருமாற்றி, படத்தில் அந்த w-க்கு உரிய திருத்தத்தைப் பெருக்கிக் கூட்டிவிடுவது. 64 அடுக்கு என்றால் 64 உருமாற்றங்கள். ஒன்றுக்கு மூன்று விநாடி, மொத்தம் மூன்று நிமிடத்துக்கு மேல் கொஞ்சம். கிரிடிங் செலவு ஏறவே இல்லை. உருமாற்றம் மலிவு, கிரிடிங் விலை அதிகம் என்ற அந்த 157க்கு 3 விகிதத்தைப் பார்த்துவிட்டு, மலிவான சரக்கை அதிகமாக வாங்கி விலை கூடியதை மிச்சப்படுத்துகிற வியாபாரம் இது. ஆஃப்ரிங்காவும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட டபிள்யூஎஸ்கிளீன் மென்பொருளின் அடிப்படை இதுதான்.

குறை ஒன்று: நினைவகம். ஓர் அடுக்கு 4800க்கு 4800 சிக்கலெண்கள், 8 பைட் வீதம் 184 எம்பி. 64 அடுக்கு 11.8 ஜிபி. உங்களிடம் இருப்பது 16. உலாவியையும் திறந்து வைத்திருந்தால் கணினி மூச்சு முட்டும். டபிள்யூகிரிடர் என்ற பிந்தைய முறை w திசையிலும் ஒரு சிறு தூரிகையை வைத்து அடுக்குகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறது, ஒரு நேரத்தில் ஓர் அடுக்கை மட்டும் நினைவில் வைக்கிறது, துல்லியமும் கூடுதல். டபிள்யூஎஸ்கிளீனுக்குள்ளேயே அதைத் தேர்ந்தெடுக்கலாம். மடிக்கணினிக்காரர்கள் யோசிக்காமல் எடுங்கள். நல்ல வரைகலை அட்டை இருப்பவர்களுக்கு ஐடிஜி என்ற முறையும் அதே மென்பொருளில் இருக்கிறது. என்னிடம் அட்டை இல்லை. அதனால் அனுபவமும் இல்லை.

கிளீன்: குளத்தில் விழுந்த கற்கள்

இப்போது கையில் இருப்பது அழுக்குப் படம். அளக்காத ஃபூரியர் புள்ளிகளின் குறையால் ஒவ்வொரு மூலத்தைச் சுற்றியும் வளையங்களும் கோடுகளும் இருக்கும். வண்டியூர்த் தெப்பக்குளத்தில் பத்துப் பேர் ஒரே சமயத்தில் கல் எறிந்ததாக நினையுங்கள். ஒரு கல் எழுப்பும் வளையத்தின் வடிவம் துல்லியமாகத் தெரியுமானால், மிக உயரமான அலையைக் கண்டுபிடித்து, அங்கே ஒரு கல் என்று குறித்துக்கொண்டு, அதன் வளையத்தில் ஒரு பகுதியைக் கழிக்கலாம். மீதியில் மறுபடி உயரமானதைத் தேடலாம். யான் ஹெக்போம் 1974இல் சொன்ன கிளீன் இதுதான். ஒரு தடவைக்குப் பத்தில் ஒரு பங்கு மட்டும் கழிப்பது வழக்கம். பேராசைப்பட்டு முழுவதும் கழித்தால் இரைச்சலையும் மூலம் என்று நம்பிவிடும்.

50,000 தடவை கழிக்க வேண்டும் என்று வையுங்கள். ஒவ்வொரு தடவையும் 2.3 கோடி பிக்சலைத் தொட்டால் 1,15,000 கோடி படிகள். பாரி கிளார்க் 1980இல் ஒரு குறுக்குவழி சொன்னார்: வளையத்தின் நடுப்பகுதியை மட்டும், உதாரணமாக 200க்கு 200 பிக்சல், கழித்துக்கொண்டே போங்கள், அவ்வப்போது எல்லாக் கற்களையும் சேர்த்து முழுமையாக ஒருமுறை சரிபாருங்கள். 1,15,000 கோடி 200 கோடியாகிறது. பின்னர் ஷ்வாபும் காட்டனும் அந்தச் சரிபார்ப்பைப் படத்தில் செய்யாமல் விசிபிலிட்டிகளிலேயே செய்யவைத்தார்கள். கிரிடிங்கின் சிறு பிழைகளும் அதனால் ஒழிந்தன. சிறு கழித்தல்களை உட்சுற்று என்றும், தரவுக்குத் திரும்பிப் போகும் சரிபார்ப்பை வெளிச்சுற்று என்றும் சொல்வோம்.

இங்கேதான் கைத்திறன் தேவை. ஒவ்வொரு வெளிச்சுற்றும் தரவை இருமுறை கடக்கிறது: கற்களிலிருந்து விசிபிலிட்டிகளைக் கணிக்க ஒரு முறை, மிச்சத்தைக் கிரிட் செய்ய ஒரு முறை. ஆறு வெளிச்சுற்று என்றால் 12. தொடக்கப் படத்துக்கும் வளைய வடிவத்துக்கும் 2. அந்த 14 இப்படித்தான் வந்தது. வெளிச்சுற்றுகளைக் குறைப்பதே குறிக்கோள். உட்சுற்று எவ்வளவு ஆழம் போகலாம் என்பதற்கு ஓர் எண் கொடுக்கலாம், நான் 0.8 வைக்கிறேன். அதாவது உச்சத்தில் 80 விழுக்காடு குறைந்த பிறகே வெளிச்சுற்று. 0.95 வைத்தால் வேகம் கூடும், ஆனால் ஜிஎம்ஆர்டியின் வளையங்கள் அவ்வளவு நல்ல பிள்ளைகள் அல்ல. பொய்க் கற்கள் முளைக்கும்.

முகமூடி இன்னொரு சிக்கனம். இரைச்சலைப் போல ஐந்து மடங்குக்கு மேல் தெரியும் இடங்களில் மட்டும் கல் தேடச் சொல்லி, அந்த இடங்களுக்குள் மூன்று மடங்கு ஆழம் வரை இறங்கச் சொன்னால், வெற்று வானத்தில் நேரம் வீணாகாது. சூப்பர்நோவா எச்சங்கள், விண்மீன் திரள்களின் ஒளிவட்டங்கள் போன்ற பரந்த மூலங்களுக்குப் புள்ளிக் கற்கள் போதாது, பல அளவுக் கற்கள் வேண்டும். 300க்கும் 500க்கும் இடையே மூலங்களின் பிரகாசம் மாறுவதால் நிறமாலைச் சரிவையும் சேர்த்தே தீர்க்க வேண்டும். ஊர்வசி ராவும் கார்ன்வெல்லும் 2011இல் தந்த முறை அதற்கு. இரண்டு உறுப்புகளோடு ஓட்டினால் இரண்டு மிச்சப் படங்களும் மூன்று வளைய வடிவங்களும் கணக்கிட வேண்டும். செலவு கூடும். ஆகவே கடைசிப் படத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

தன்னளவீடும் நம் தலைக்கு மேலே ஓடும் கோடும்

தாழ் அலைவரிசையில் அயனி மண்டலம் அலைகளைத் திருப்பிவிடும். பூமியின் காந்த நடுக்கோடு மதுரைக்குத் தெற்கே திருநெல்வேலிப் பக்கம் கடக்கிறது. அந்தக் கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் மறைந்தபின் அயனி மண்டலம் கொந்தளிக்கும். கோடாடும் அதன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அதனால் முதல் படத்தையே மாதிரியாக வைத்துக் கிண்ணங்களின் அலைக்கட்டங்களை மறுபடி திருத்தி, மறுபடி படமாக்க வேண்டும். இதுதான் தன்னளவீடு. நான்கு சுற்று என்றால் மொத்தச் செலவும் நான்கு மடங்கு.

முதல் இரண்டு சுற்றுகளை முழுத் தரவோடு செய்ய வேண்டியதே இல்லை. நான்கில் ஒரு அலைவரிசைத் துண்டை மட்டும் எடுத்து, பிரகாசமான மூலங்கள் வரை மட்டும் கிளீன் செய்யுங்கள். அலைக்கட்டத் திருத்தத்துக்கு அது போதும். வீச்சுத் திருத்தத்தைக் கடைசிச் சுற்றில் மட்டும் தொடுங்கள். முன்னதாகத் தொட்டால் மாதிரியில் விடுபட்ட மூலங்கள் தரவிலிருந்தே மறைந்துபோகும் அபாயம் உண்டு. ஒவ்வொரு சுற்று முடிவிலும் திருத்த அட்டவணையைத் தனி வட்டில் நகலெடுங்கள். மின்தடையைப் பற்றி நான் ஏற்கெனவே புலம்பிவிட்டேன்.

கோடையில் இன்னொன்று. மடிக்கணினி சூடாகிவிட்டால் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எட்டு இழைகளில் ஓட்டினால் கிடைக்கும் வேகமும் ஆறு இழைகளில் கிடைக்கும் வேகமும் பங்குனி வெயிலில் எனக்கு ஒன்றாகவே இருந்தன. இப்போது ஆறோடு நிறுத்தி, இரவு பத்துக்கு மேல் ஓட்டுகிறேன்.

படத்தைச் சோதித்தல்

கடைசியில் கிண்ணத்தின் ஓரமங்கலுக்கான திருத்தத்தைச் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஓரத்து மூலங்களின் பிரகாசம் எல்லாம் குறைவாக இருக்கும். பிறகு ஒப்பிட ஆள் வேண்டும். ஜிஎம்ஆர்டியிலேயே 150 மெகாஹெர்ட்ஸில் எடுத்த டிஜிஎஸ்எஸ் அளவாய்வு 36,900 சதுர பாகைக்கு 25 கோண விநாடிப் பிரிதிறனில் பொதுவில் கிடைக்கிறது. உங்கள் படத்தின் பிரகாசமான இருபது மூலங்கள் அங்கே அதே இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லாமே ஒரே திசையில் இரண்டு கோண விநாடி நகர்ந்திருந்தால் அயனி மண்டலத்தின் கைவரிசை; தன்னளவீட்டுக்குத் திரும்புங்கள். மையத்திலிருந்து விலகிப்போகப் போக இழுபட்டிருந்தால் அலைவரிசையை அதிகமாகச் சுருக்கிவிட்டீர்கள். ஓரத்தில் பிறைகள் தெரிந்தால் w திருத்தம் போகவில்லை.

சித்திரையில் ஆறு நாள் ஓடியும் முடியாத அதே தரவை ஆவணியில் இந்த வரிசைப்படி மறுபடி ஓட்டினேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கியது, திருப்பரங்குன்றத்து மலைக்குப் பின்னால் வெளுக்கும்போது நான்காவது தன்னளவீட்டுச் சுற்றும் முடிந்திருந்தது. படத்தின் வடகிழக்கு மூலையில் மட்டும் மீன்முள் போல ஒரு மெல்லிய கோடு நிற்கிறது. ஏதோ ஒரு கிண்ணத்தின் ஒற்றைத் துருவமுனைப்பு கெட்டிருக்கிறது என்று சந்தேகம். 30 கிண்ணங்களையும் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்றோடு பதினேழு முடிந்திருக்கிறது.